ஷூவில் முளைத்த நெல்

நம் வயதாகிவிட்டால் யாருக்குத்தான் கால் வீங்கவில்லை? சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு மாதிரி, பிரஷர்காரர்களுக்கு ஒரு மாதிரி. சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த கோடு அப்படியே நிற்கிறது. போன வாரம் என் மகள் என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்தது. எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டாள். இரண்டு நாளாகத்தான் என்றேன். அது பொய். தீபாவளியிலிருந்து இருக்கிறது.

அந்தக் குழியை நான் பத்து வயதிலேயே பார்த்தவள். அதை வைத்து விளையாடியும் இருக்கிறேன். உங்களில் பலர் என்னைப்போல ஊழியக்காரர் வீட்டில் பிறந்து, ஜெபக் கூட்டத்துப் பாயில் தூங்கி வளர்ந்தவர்கள். அதனால் உங்களிடம் சொல்லலாம். வேறு யாரிடமாவது சொன்னால் என் அப்பாவை மடையன் என்பார்கள், இல்லாவிட்டால் கொலைகாரன் என்பார்கள். அவர் இரண்டும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காரைக்காலில் தலத்தெருவில் அப்போது வாடகைக்கு இருந்தோம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வாத்தியார் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரிசா மலைக்கிராமங்களுக்கு மிஷனரியாகப் போவதென்று அவரும் அம்மாவும் முடிவு செய்திருந்தார்கள். பங்குனி வெயில் தொடங்கியிருந்தது. என் பரீட்சை முடிந்து டி.சி. வாங்கியாகிவிட்டது. கட்டில், பெஞ்சு, அம்மாவின் தையல் மெஷின் எல்லாம் தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டன. கூடத்தில் மூன்று டிரங்குப் பெட்டிகள் மட்டும். சபையில் வழியனுப்புக் கூட்டம்கூட நடந்துவிட்டது. அந்தக் கூட்டம் நடந்த பிறகு ஊரில் தங்குவது எவ்வளவு வெட்கக்கேடு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணம் நின்றுபோன வீட்டைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

அம்மாவை அப்பா இழுத்துக்கொண்டு போனார் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கூட்டத்தில் ஊழியத்துக்கு யார் போவீர்கள் என்று கேட்டபோது முதலில் கை தூக்கியது அம்மாதான். அப்பா பிறகுதான் தூக்கினார். அம்மா பக்கத்து ஊர் பூவத்தில், நெல் விளைவிக்கும் சம்சாரி வீட்டுப் பெண். ஞானஸ்நானம் எடுத்து அப்பாவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் பிறந்த வீட்டுக் கதவு அவளுக்குத் திறக்கவில்லை. பஸ்ஸில் பூவத்தைத் தாண்டும்போது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அந்த வருஷம் அடுப்படியில் என் சிலேட்டை வைத்துக்கொண்டு ஒரியா எழுத்துப் பழகினாள். முறுக்குப் பிழிவதுபோல் எல்லாம் வட்டமாக இருக்கும். குழம்பு கொதிக்கும்வரை எழுதுவாள், கொதித்ததும் முந்தானையால் அழிப்பாள்.

மலையில் இருந்தவர்கள் என்னென்ன எடுத்து வரவேண்டும் என்று ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார்கள். கம்பளி, கொசுவலை, அரிக்கேன் விளக்கு, எனாமல் தட்டு. கடைசியில், அட்டைக்கடி அதிகம், எல்லோருக்கும் ஷூ அவசியம் என்று கோடு போட்டு எழுதியிருந்தது. அம்மா அதுவரை ரப்பர் செருப்பைத் தவிர எதையும் காலில் போட்டதில்லை. கடைத்தெருவில் அவளுக்குப் பெண்கள் ஷூ கிடைக்காமல், பழுப்பு நிறத்தில் ஆம்பளைப் பிள்ளைகள் போடும் கேன்வாஸ் ஷூ வாங்கினோம். புடவைக்கு அடியில் அதைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நாலு நடை நடந்து காட்டினாள். நான் உருண்டு உருண்டு சிரித்தேன். அந்தப் புது ரப்பர் வாசனை இன்னும் எனக்கு மூக்கில் இருக்கிறது. அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்கு ஒரு வாரம் கழித்து, கிணற்றடியிலிருந்து குடத்தைத் தூக்கிவந்த அம்மா பாதியில் குடத்தை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு நீலமாக இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். சின்ன வயதில் மூட்டுவலியோடு காய்ச்சல் வந்ததுண்டா என்றார். வந்தது என்றாள். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது, பாண்டிச்சேரிக்குப் போய் முழுதாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, உடம்பில் சேரும் நீரை இறக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார். உப்பைக் குறைக்கச் சொன்னார். மலைக்குப் போவதாக அப்பா சொன்னதும் பேனாவை மூடி வைத்தார்.

"சார், இவங்களால மாடிப்படி ஏற முடியாது. நீங்க மலையப் பத்திப் பேசுறீங்க."

 அப்பா கிளிஞ்சல்மேட்டில் மீன்பிடிக்கிறவர்கள் நடுவில் ஒரு சின்ன ஜெபவீடு நடத்திவந்தார். கீற்றுக் கொட்டகை, மணல் தரை, பக்கத்தில் காயும் கருவாட்டு வாசனை. அங்கே அம்மாவுக்காக மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தார். அம்மாவும் உபவாசம் இருந்தாள். மூன்று நாளும் அவள் வயிற்றுக்குள் போனது தண்ணீரும் டாக்டர் கொடுத்த மாத்திரையும்தான். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஒண்ணுக்குப் போக அவளைக் கையைப் பிடித்துக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போவது என் வேலை. மூன்றாம் நாள் அவள் முகம் தெளிந்துவிட்டது. மூச்சு வாங்கவில்லை. கால் வற்றி, எலும்பு தெரிந்தது.

மாத்திரை வேலை செய்திருக்கிறது, உப்பில்லாமல் இருந்தது வேலை செய்திருக்கிறது. இன்றைக்கு என் பேரப்பிள்ளைகூட இதைச் சொல்லிவிடும். அன்றைக்கு அந்தக் கொட்டகையில் இருந்த யாருக்கும் அது தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா எழுந்து சாட்சி சொன்னார். "என் மனைவிக்கு ஆண்டவர் பூரண சுகம் குடுத்துட்டாரு" என்றார். சொல்லும்போது அழுதார். வலை பின்னிக் காய்ப்பு விழுந்த கைகளெல்லாம் தட்டின. நானும் தட்டினேன்.

அன்று மதியம் அம்மா மாத்திரைக் கவரை அரிசி டப்பாவுக்குப் பின்னால் செருகிவிட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"அப்பா சாட்சி சொல்லிட்டாங்க பாப்பா. இனிமே நான் மாத்திரை போட்டா, ஆண்டவர் குடுத்தத நம்பலேன்னு ஆயிடும்."

மாத்திரை போடாதே என்று அப்பா ஒரு நாளும் சொல்லவில்லை. அவள் நிறுத்தியதே அவருக்குத் தெரியாது. சாட்சி சொன்னவர் கேட்கவில்லை, சாட்சிக்கு ஆளானவள் சொல்லவில்லை. நம் வீடுகளில் இப்படித்தானே எல்லாம் நடந்தது.

நாலைந்து நாளில் கால் மறுபடி வீங்கியது. முதலில் எனக்குத்தான் தெரிந்தது. மத்தியானம் அவள் கால்மாட்டில் படுத்திருந்த நான், சும்மா விரலால் அழுத்தினேன். குழி விழுந்து அப்படியே நின்றது. எனக்கு வேடிக்கையாகிவிட்டது. வரிசையாக ஐந்து குழி போட்டு, முதல் குழி மூடுவதற்குள் ஐந்தாவது விழுகிறதா என்று பார்ப்பேன். அம்மா காலை இழுத்துக்கொள்ளாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்றாள். அவர் கூட்டத்தில் சொன்னது பொய்யாகிவிடும், ஆண்டவருக்கு அவமானம், இது கடைசிச் சோதனை, மலைக்குப் போனதும் சரியாகிவிடும் என்றாள். இதில் எவ்வளவை அவள் நம்பினாள், எவ்வளவை எனக்காகச் சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஷூ போடும் பிரச்சினை அப்போதுதான் வந்தது. புறப்படும் நாளில் எல்லோர் முன்னாலும் அவள் ஷூ போட்டுக்கொண்டு வண்டி ஏற வேண்டும். குதிகால் உள்ளேயே போகவில்லை. பூவத்தில் அவளுடைய அப்பா, புதுச் செருப்பு கடித்தால் ஊறவைத்த நெல்லை அதற்குள் அடைத்து வைப்பாராம். நெல் ஊதி, தோலைத் தள்ளிக்கொடுக்குமாம். பிறந்த வீட்டைப் பற்றி அவள் என்னிடம் சொன்ன ஒரே விஷயம் அதுதான். நான் வீட்டுக்கார அம்மாவிடம் கோழிக்குப் போடும் நெல்லில் இரண்டு படி வாங்கி வந்தேன். ஊறவைத்து, இரண்டு ஷூவிலும் முனைவரைக்கும் அடைத்து, கயிற்றை இறுக்கிக் கட்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் குளியலறைத் தொட்டிக்குப் பின்னால் ஒளித்தேன். ஒரு நாள் போதும், நாளைக்கு எடுத்துவிடு என்றாள். மறுநாள் விடைபெற்றுப் போக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நான் மறந்துபோனேன்.

வீட்டுக்கார அம்மாவை எங்கள் தெருவே மதாம் என்றுதான் கூப்பிடும். வேதக்காரர்தான், ஆனால் எங்களைப்போல இல்லை. மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிற கத்தோலிக்கர். புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து செத்தவர். அப்பாவுக்கு அவர் மேல் மரியாதை உண்டு, ஆனால் மெழுகுவர்த்தியைப் பற்றி ஒரு சிரிப்பும் உண்டு. நான் நெல் வாங்கிப்போன இரண்டாம் நாள் மதாம் நேரே அப்பாவிடம் வந்தார்.

"வாத்தியார் தம்பி, உங்க சம்சாரம் ராத்திரி படுக்கறதே இல்ல, தெரியுமா? சொவத்துல சாஞ்சு உக்காந்தே தூங்குது. என் ஜன்னல்லேந்து நான் பாக்குறேன். இத அப்படியே மலைக்குக் கூட்டிட்டுப் போறீங்க."

அப்பா அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அம்மா புடவைக் கரையைக் கால் மறையும்படி இழுத்துவிட்டுக்கொண்டு, உட்கார்ந்து ஜெபிப்பதாகவும் அப்படியே கண்ணயர்ந்துவிடுவதாகவும் சொன்னாள். மதாம் போய்விட்டார். அப்பாவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. மறுநாள் காலை பலகாரத்துக்கு உட்கார்ந்தபோது தட்டைத் தள்ளி வைத்தார்.

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஆண்டவர் எனக்கு ஒரு அடையாளம் காட்டட்டும். காட்டலேன்னா, நாங்க வரலேன்னு எழுதிப் போட்டுடறேன். நேரா பாண்டிச்சேரிக்குப் போவோம்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடையாளம் எங்கிருந்து வரப்போகிறது என்று நினைத்தேன். பாண்டிச்சேரி கடற்கரையைப் பார்க்கலாம். அம்மாவுக்கும் பெரிய டாக்டர் மருந்து கொடுப்பார். நான் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை, தானாகவே எல்லாம் சரியாகிவிடும். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் இரத்தமே இல்லை. சிலேட்டை எடுத்து அடுப்படி மூலையில் கவிழ்த்து வைத்தாள்.

அன்று மூன்று மணி இருக்கும். குளித்துவிட்டு வருகிறேன் என்று போன அப்பா, கையில் அம்மாவின் ஷூக்களோடு கூடத்துக்கு வந்தார். மூன்று நாள் புழுக்கத்தில் நெல் முளைத்துவிட்டிருந்தது. கயிறு கோக்கும் ஓட்டைகள் எல்லாவற்றிலிருந்தும் வெள்ளை வெள்ளையாக வேர் நீட்டிக்கொண்டிருந்தது. வாய்ப்பக்கம் ஊசி ஊசியாகப் பச்சை தலைகாட்டியிருந்தது.  யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்றேன்.

"எதுக்குப் பாப்பா?"

அம்மா அடுப்படி நிலையில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை விளக்க எனக்கு வார்த்தை வராது. கெஞ்சினாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது, ஷூ போகவில்லை, அதனால்தான் என்று ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லியிருந்தால் அடுத்த பஸ்ஸிலேயே பாண்டிச்சேரி போயிருப்போம்.

"வெளையாட்டுக்குப்பா" என்றேன்.

அப்பா அப்படியே முழங்கால் போட்டார். "புள்ள வெளையாட்டுக்குத்தான் போட்டுச்சு. மொளைக்க வச்சது யாரு?" என்று அம்மாவைக் கேட்டார். ஆண்டவர் தேர்ந்தெடுத்தது யாரை என்று காட்ட, பட்டுப்போன கோல் ஒரே ராத்திரியில் துளிர்த்த பைபிள் கதை அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். நம் ஆட்களுக்கு அது வராமல் இருக்குமா? மலைக்குப் போகிற ஷூவில், அடையாளம் கேட்ட அன்றைக்கே, உயிர் முளைத்திருக்கிறது. இதைவிட வேறு என்ன வேண்டும்? அம்மாவும் முழங்கால் போட்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

முளைத்த நெல்லை மதாமின் கோழிகளுக்குக் கொட்டினேன். ஷூவை வெயிலில் காய வைத்தோம். கயிற்றைத் தளர்த்தியதும் அம்மாவின் கால் உள்ளே போயிற்று.

ஐந்தாம் நாள் புறப்பட்டோம். அப்போது காரைக்காலிலிருந்து பேரளத்துக்கு ஒரு சின்ன ரயில் போகும். பிறகு அதை நிறுத்தித் தண்டவாளத்தையே பிடுங்கிவிட்டார்கள். இப்போது மறுபடி போட்டிருப்பதாகச் சொல்கிறார்கள், நான் போய்ப் பார்க்கவில்லை. கிளிஞ்சல்மேட்டு ஜனங்கள் ஸ்டேஷனில் நின்று பாட்டுப் பாடினார்கள். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லோருக்கும் கையாட்டினாள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது எனக்கு மட்டும் தெரிந்தது.

பேரளத்தில் இறங்கி அடுத்த வண்டிக்கு மாற வேண்டும். அப்பா டிரங்குப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு முன்னால் போனார். பாதி பிளாட்பாரத்தில் அம்மா உட்கார்ந்துவிட்டாள். இருமினாள். வாயில் நுரை வந்தது, ரோஸ் நிறத்தில். அப்பா பெட்டிகளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். ஒரு வாடகைக் கார் பிடித்து, வந்த வழியே காரைக்காலுக்குத் திரும்பினோம். வழியெல்லாம் அப்பா சத்தமாக ஜெபித்துக்கொண்டே வந்தார். டிரைவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

அதே டாக்டர்தான். ஷூவைக் கழற்ற முடியாமல் கயிற்றைக் கத்தரித்தார்கள். கால் முழுக்கக் கேன்வாஸின் நெசவு பதிந்திருந்தது, ஓட்டை ஓட்டையாகக் கயிற்றுத் தடம் வேறு. டாக்டர் அழுத்தியபோது விரல் நகம்வரை உள்ளே போயிற்று. நான் ஆறு குழி எண்ணினேன். பழக்கம் விடவில்லை.

எத்தனை நாளாக இப்படி என்று டாக்டர் கேட்டார். அப்பா, "சுகமாயிடுச்சுங்க டாக்டர், நல்லாத்தான் இருந்தா" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். டாக்டர் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

மூன்று நாள் இருந்தாள். இரண்டாம் நாள் அப்பா மருந்து வாங்கப் போயிருந்தபோது என்னைக் கிட்டே கூப்பிட்டாள். மூச்சுக்கு ஒரு வார்த்தையாகத்தான் பேச முடிந்தது.

"கால் முன்னாடியே வீங்கினத... அப்பாகிட்ட சொல்லிடாத. அவங்க தாங்க மாட்டாங்க."

ஷூவை ஆயா ஒரு பேப்பரில் சுற்றி என்னிடம் கொடுத்தாள். நான் அதைப் பெஞ்சுக்கு அடியில் வைத்தேன். அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன அவசரத்தில் அதை யாரும் எடுக்கவில்லை. எங்கே போனதோ. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நான் இன்னும் பெஞ்சுக்கு அடியில் பார்க்கிறேன்.

அப்பா மலைக்குப் போகவில்லை. மயிலாடுதுறையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போனார். ஞாயிறு தவறாமல் கோவிலுக்கு வருவார், கடைசி வரிசையில் உட்காருவார். பாட்டுக்கு வாய் அசையாது. யாராவது சாட்சி சொல்ல எழுந்தால் வெளியே போய்ச் செருப்புகளுக்கு நடுவில் நிற்பார். சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடுவார், ஒரு ஜெபம் எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் சும்மா இருந்துவிட்டு, சோற்றில் கை வைப்பார். அந்த மௌனத்தில்தான் நான் வளர்ந்தேன். அவர் ஆண்டவரைத் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

எண்பதைத் தாண்டி என் வீட்டில் வந்து படுத்தார். ஒரு மத்தியானம் அவர் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அவருக்கும் கடைசியில் வீக்கம் வந்துவிட்டது. தூங்குகிறார் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"அந்த நெல்ல ஷூவுக்குள்ள எதுக்குப் போட்ட பாப்பா?"

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த நாளைப் பற்றி அவர் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. சொல்லிவிடலாம். சொன்னால் ஆண்டவர் அவருக்குப் பொய் அடையாளம் காட்டவில்லை என்று தெரிந்துகொள்வார். நாற்பது வருஷமாகத் தான் முகம் கொடுக்காத ஆண்டவரிடம் ஒருவேளை திரும்பிக்கூடப் போயிருப்பார். ஆனால் அதோடு இன்னொன்றும் தெரிந்துபோகும். அவர் சொன்ன சாட்சியைக் காப்பாற்றத்தான் அவள் காலை மறைத்தாள் என்பது. எண்பது வயதில், படுக்கையில், அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

"வெளையாட்டுக்குத்தான்பா" என்றேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார். பிறகு, "அவர்தான் என்னை ஏமாத்திட்டாரு" என்றார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பழியை ஆண்டவர் மேலேயே விட்டுவிட்டேன். அவர் தாங்கிக்கொள்வார், அப்பா தாங்கமாட்டார். நான் ஆண்டவரை முழுசாக நம்பி ஒப்படைத்தது என்று பார்த்தால் அந்த ஒரு காரியம்தான். அது சரியா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மனதில் சமாதானம் இல்லை. உங்களில் யாருக்காவது இருந்தால் நல்லது.

அவர் அதைக் கேட்ட எட்டாம் நாள் அப்பா போய்விட்டார். அடக்கத்துக்கு வந்த பாஸ்டர் சின்னப் பையன், அப்பாவை அதிகம் அறியாதவர். கல்லறைக் குழியோரம் நின்று, மனைவியை இழந்தும் கடைசிவரை விசுவாசத்தில் அசையாமல் நின்றவர் என்று அப்பாவைப் பற்றிச் சாட்சி சொன்னார். பிறகு அப்படித்தானே என்பதுபோல் என் பக்கம் பார்த்தார்.

நான் தலையாட்டினேன்.